பதினோராவது ஸ்டட்

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிளாக்கின் மேல் முகம் சமமாக அரைபட்டு, ஃபேஸிங் முடிந்து வந்தது. கிரைண்டிங் கடைக்காரர் "கண்ணாடியாட்டம் இருக்குதுங்க" என்றார். கண்ணாடி பார்க்க எனக்கு வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரெயிட் எட்ஜை மேலே வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடுகளில் இருக்கிறதிலேயே மெல்லியதை அடியில் நுழைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் நுழையவில்லை. பிறகுதான் வாங்கிக்கொண்டேன்.

கவிநயா பள்ளி விட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள், வாய் மட்டும் காலேஜ். "ஒரு கேஸ்கட்டுக்காம்மா இத்தனை பாடு?" என்றாள். எஞ்சினின் கீழ்ப் பாதி பிளாக், மேல் பாதி ஹெட், நடுவில் உட்காரும் தகடுதான் கேஸ்கட். அதற்கு ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர். இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை என்று சொன்னேன். "பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் பண்றதுதானே" என்றாள். அடி வாங்கியிருப்பாள், கையெல்லாம் ஆயில்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹெட்டை இன்றே ஏற்றிவிடலாம். ஆனால் ஆடி மாதம். ஆவணி பிறக்காமல் எஞ்சினை மூடக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் என் கணவர் சிவராசுவின் அண்ணன் நாச்சிமுத்து. இந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. கோயமுத்தூரில் ரேஸ் கார் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் அவர் கையால் எஞ்சினை மூட வேண்டும் என்று காத்திருந்த காலம் உண்டு. கைராசிக்காரர். அந்தக் கை பட்ட எஞ்சின் புகைந்ததில்லை என்பது ஊர்ப் பேச்சு.

சிவராசு போன பிறகு இரண்டு வருடமாக ரேஸ் எஞ்சின் எதையும் எடுக்கவில்லை. இதுதான் முதல். மில்காரர் மகன் அஸ்வந்த் ஓட்டப்போகும் கார், டர்போ வைத்தது. மாமா காலையில் டீ குடிக்கும்போது சொன்னார்:

"இந்த சீசன் இந்த எஞ்சின் தாங்கிருச்சுன்னா எஞ்சின் ரூம் இனி உன்ற பொறுப்புதான் அம்மிணி. தம்பி நின்ன எடத்துல நீ நிக்கலாம். இல்லீன்னா பெங்களூர்ல ஒரு பையன் இருக்கறான், அவனக் கூப்புட்டுக்கறேன். உனக்கு முன்னால ஆபீஸ்ல சேர் போட்டுத் தாறேன்."

டிப்ளமா மெக்கானிக்கல் படித்துவிட்டு, பதினான்கு வருடம் அந்த அறையில் வால்வும் சிலிண்டர் போரும் அளந்தவள் நான். ஹெட்டை மூடுவதை மட்டும் அவர்கள் இருவரும் செய்வார்கள். நான் அந்த நேரம் சமைக்கப் போயிருப்பேன். இருந்தாலும் எனக்கு அந்த அறை வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும். இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது.

ஸ்டட்கள் வந்துவிட்டன. ஹெட்டை பிளாக்கோடு பிடித்து வைக்கும் நீளமான இரும்புத் தண்டுகள், இருபுறமும் மரை உள்ளவை. ஒரு எஞ்சினுக்குப் பத்து. சிவராசு எப்போதும் பதினொன்று வாங்குவார். "ஒண்ணு எதுக்குங்க சேர்த்தி?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "தொலைஞ்சு போச்சுன்னா?" என்றார். பதினான்கு வருடத்தில் ஒரு ஸ்டட் தொலைந்து நான் பார்த்ததில்லை. நான் பத்துதான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி இரண்டு. காலை நல்ல நேரத்தில் மூடினோம்.

பிளாக்கின் முகத்தைத் தின்னர் போட்டு மூன்று முறை துடைத்தேன். மூன்று அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். விரல் ரேகைகூட அதில் விழக்கூடாது. ஹெட் உட்கார்ந்தது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை தவறாமல், மூன்று சுற்றாக, இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் போட்டேன். ஒவ்வொரு நட்டும் அளவுக்கு வந்ததும் ரெஞ்ச் டொக்கென்று சொல்லும். அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு நூல் இழுக்கக்கூடாது. முடிந்த ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்ட்டில் நட்டையும் வாஷரையும் சேர்த்து ஒரு கோடு. நட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பிறகு மாமா குளித்து, திருநீறு பூசி வந்தார். கையில் அவருடைய அப்பா காலத்து ஸ்பேனர், அதன் வாலில் ஒரு பைப் செருகியிருந்தது. சூடம் காட்டினார். கடைசி நட், நான்காம் சிலிண்டர் பக்கத்து மூலையில் இருக்கும் பத்தாம் நட்டில் ஸ்பேனரை மாட்டி, "முருகா" என்று ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோடு இரண்டாக உடைந்து விலகியதை என் கண்ணால் பார்த்தேன். நட்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

"மாமா, அது அளவுக்கு வந்துருச்சுங்க. அதுக்கு மேல இழுத்தா ஸ்டட் தாங்காதுங்க."

"டொக்குன்னா நிறுத்தறதெல்லாம் உங்க கருவிக்கு. என்ற கைக்குத் தெரியும் சாமி." சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். அவர் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிவராசு காலத்திலும் இதே இழுப்புதான், இதே ஸ்பேனர்தான். ஒன்றும் ஆனதில்லை. ஆகவே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதல் ரவுண்டு ரேஸ். எட்டாவது லேப்பில் கார் முதலிடம். ஒன்பதாவதில் பின்னால் வெள்ளைப் புகை. அஸ்வந்த் ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உலை கொதிக்கிற மாதிரி கொப்பளிக்கிறது. நெருப்பும் தண்ணீரும் சந்தித்துவிட்டன.

மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஹெட்டைக் கழற்றினேன். ஆறுச்சாமி கூட இருந்தான். இருபது வருடமாக இங்கே இருக்கிறவன், சிவராசுவின் வலது கை. கேஸ்கட் நான்காம் சிலிண்டர் மூலையில் மட்டும் கருகியிருந்தது. மற்ற மூன்றும் புதுசு போல. பத்தாம் நட்டைத் தளர்த்தப் போனால், இறுக்கமே இல்லாமல் தொளதொளவென்று கழன்று வந்தது.

ஸ்டட்டில்தான் குறை என்று நினைத்தேன். தயாரிப்பில் ஒன்று இரண்டு அப்படி வரும். புது ஸ்டட் வெளிநாட்டிலிருந்து வர நாள் பிடிக்கும், அடுத்த ரவுண்டு நெருங்கிவிட்டது. சிவராசுவின் மேஜை டிராயரை இரண்டு வருடத்துக்குப் பிறகு திறந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே ஆயில் காகிதத்தில் சுற்றி, இதே கம்பெனி ஸ்டட்கள், டின் நிறைய. பதினான்கு வருடமும் இதே மாடல் எஞ்சின்தானே ஓட்டினோம்.

பாவி மனுஷன், எனக்குத் தேவைப்படும் என்று தெரிந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. அங்கேயே நின்று அழுதேன். ஆறுச்சாமி அந்த டின்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டான். என் அழுகையைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுபடி மூடினோம். புது கேஸ்கட். பத்தாம் இடத்தில் சிவராசுவின் டின்னிலிருந்து எடுத்த ஸ்டட். மாமா மறுபடி ஸ்பேனரோடு வந்தார். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா, அதாவது மாமாவின் மனைவி, வாசலில் நின்று என்னைக் கண்ணால் கூப்பிட்டார். போனேன்.

"நீ தப்பா நெனச்சுக்காத தமயந்தி. சூடம் காட்டற நேரத்துக்கு மட்டும் சித்த அக்கட்ட நின்னுக்கோ. அவங்க மனசுக்கோசரம்."

சரிங்க அக்கா என்றேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கவிநயாவின் யூனிஃபார்ம் பாவாடைக்குக் கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டேன். பிள்ளை வளர்கிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடியும் அதே மூலை. இந்த முறை தண்ணீர் பீய்ச்சியடித்துப் பின் டயரிலேயே விழுந்திருக்கிறது. வளைவில் கார் வழுக்கிச் சுற்றி, டயர் அடுக்கின் மேல் போய் மோதியது. அஸ்வந்துக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது, எலும்பு தப்பியது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. "ஸாரிக்கா, கன்ட்ரோல் பண்ண முடியல" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். நான் போய் அவன் காலில் விழ வேண்டும்.

அவன் அப்பா மாமாவிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "யாருங்க உள்ள வேலை பாக்கறது? அந்தம்மாவுங்களா?" அவ்வளவுதான் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை என்பதையும் கேட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டின்னில் இருந்த எல்லா ஸ்டட்டையும் மேஜையில் பரப்பி மைக்ரோமீட்டர் வைத்தேன்.

எல்லாமே நீளம். கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் கொஞ்சம் நீண்டவை, நடுவில் ஒட்டிப்போனவை. அளவுக்கு மேல் இழுத்துத் தாங்காமல் போன ஸ்டட்கள். ஒருமுறை இழுபட்டு நீண்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதைப் போட்டு எத்தனை இறுக்கினாலும் எஞ்சின் சூடானதும் விட்டுவிடும். நான் பத்தாம் இடத்தில் போட்டது அப்படி ஒன்றைத்தான்.

வந்த போல்ட்டை எல்லாம் அளக்கிறவள், கடலை மிட்டாய் வாங்கினால்கூட எடை பார்க்கிறவள், அதை மட்டும் அளக்கவில்லை. அவர் எடுத்து வைத்ததை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 17, புதன்

ஆறுச்சாமியைப் பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டின்னை மேஜை மேல் வைத்தேன். இரண்டு வடையைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு சொன்னான்.

"சிவராசு அண்ணனுக்குத் தெரியுமுங்க அம்மிணி. பெரியவர் இழுத்துப்போட்டுக் கோயிலுக்குப் போயிருவாருங்கல்ல, போனதும் அண்ணன் அந்த ஒத்த நட்டக் கழட்டி, ஸ்டட்ட மாத்தி, அளவுக்குப் பூட்டிப்போட்டு, மேல திருப்பிச் சந்தனப் பொட்டு வெச்சுருவாரு. ஒவ்வொரு எஞ்சினுக்கும். பழசக் குப்பைல போட்டா பெரியவர் கண்ணுல படுமுன்னு டின்னுல போட்டு வெச்சாரு."

"என்கிட்ட எதுக்குச் சொல்லல?"

"நானுமே கேட்டனுங்க. அவளுக்குத் தெரிஞ்சா அவ நேராப் போய்ப் பெரியவர்கிட்டச் சொல்லிப்போடுவா, வாய அடக்க மாட்டான்னாருங்க."

பதினோராவது ஸ்டட் எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. மாமாவின் கைராசி என்பது என் கணவரின் கை. ஊரெல்லாம் அதைக் கொண்டாடிய பதினான்கு வருடமும், நான் பக்கத்து அறையில் வால்வு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சொன்னேன். வாயை அடக்க மாட்டேன் என்று அவர் சொன்னது சரிதான்.

டின்னையும் மைக்ரோமீட்டரையும் மாமா முன்னால் வைத்து, ஒவ்வொன்றாக அளந்து காட்டினேன். உடைந்த மஞ்சள் கோட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இருபது வருஷமா இந்தக் கையிலதான் மூடறோம். தம்பி இருந்தவரைக்கும் ஒண்ணாச்சும் பொகஞ்சுதா?" என்றார். அவர் மாற்றி வைத்ததால்தான் புகையவில்லை என்றேன்.

முகம் கறுத்துப்போனது. "என்ற தம்பி என்னய ஏமாத்துனான்னு சொல்றியா? செத்தவன் மேல எதையும் போடாத அம்மிணி. அவன் வந்து இல்லீன்னு சொல்ல மாட்டானல்ல."

ஆறுச்சாமியைக் கூப்பிட்டேன். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். டின்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மொதலாளி."

மாமா என் தலையில் கையை வைத்து, "நீ தூக்கமில்லாம இருக்கற. ரெண்டு நாளு வீட்டுல இரு" என்றார். அந்தக் கையைத்தான் வைத்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆறுச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்றான். "சோறு போடற கைங்க அது. நான் எப்புடிங்க சொல்றது" என்றான். கதவைச் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. சிவராசுவுக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைசல், வாழைக்காய் வறுவல், பாயசம். இலை போட்டுப் படத்தின் முன்னால் வைத்தேன். கவிநயா காக்கைக்குச் சோறு வைக்கப் போனாள். நான் படத்தோடு தனியாக இருந்தேன்.

கோபம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். அண்ணன் மனசு நோகக்கூடாது என்று பதினான்கு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அதே மாதிரி சத்தம் போடாமல் ஒரு ஸ்டட்டை மாற்றிவிட்டுப் போயிருப்பேன், அந்தப் பிள்ளை கை வீங்கியிருக்காது, நானும் ராசி இல்லாதவள் ஆகியிருக்க மாட்டேன். வாயை அடக்க மாட்டாளாம். அடக்கிக்கொண்டிருந்ததை எல்லாம் நீங்கள் எங்கே பார்த்தீர்கள்.

நீங்கள் கடைசியாக ஓட்டிய புது பைக்கின் சாவியை ஷோரூமில் வாங்கி உங்களிடம் கொடுத்ததும் அதே கைதான். கைராசி என்று கேட்டு வாங்கினீர்கள். மூன்றாம் வாரம் அவிநாசி ரோட்டில் லாரி. அதை மட்டும் யாரும் அந்தக் கையின் கணக்கில் சேர்க்கவில்லை, என் தாலியின் கணக்கில் சேர்த்தார்கள்.

பாயசம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. கவிநயா நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

கடைசி ரவுண்டுக்கு எஞ்சினை மூட விஜயதசமி அன்று நாள் குறித்திருக்கிறார்கள். உள் வேலை எல்லாம் நான் செய்யலாம். ஹெட் ஏறுவதற்கு முன்னால் நான் வெளியே போய்விட வேண்டும். இதை மாமா சொல்லவில்லை, அக்காதான் வந்து சொன்னார், ஒரு டஜன் வாழைப்பழத்தோடு.

டார்க் ரெஞ்சை ஆறுச்சாமி பிடிப்பானாம். பிடிக்கட்டும், அவனுக்குத் தெரியும். பத்தாம் நட்டை யார் பிடிப்பார் என்பதும் தெரிந்ததுதான்.

புது ஸ்டட் ஒரு செட் சென்னையில் ஒருவரிடம் கிடைத்தது. பதினொன்று வாங்கினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. டார்க் ரெஞ்சுக்கு ஒரு பொட்டு, ஸ்பேனருக்கு மூன்று. பிளாக்கின் மேல் முகத்தில் சந்தனம் வைக்கப் போனார்கள். பாய்ந்து போய்த் துணியைப் போட்டு மூடினேன். அந்த முகத்தில் சந்தனம் காய்ந்தால் கேஸ்கட் எப்படி உட்காரும்? எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எஞ்சினுக்குப் பொட்டு வைக்க என் கை ஆகாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வால்வையும் தேய்த்து உட்கார வைத்தது இந்தக் கை. வெளியே தொட்டால்தான் தோஷம் போலிருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

மூடிவிட்டார்கள். நான் எதிர்ச்சாரியில் டீக்கடை பெஞ்சில் இருந்தேன். ரெஞ்சின் சத்தத்தை ரோட்டைத் தாண்டியும் என்னால் எண்ண முடிந்தது, ஆறுச்சாமி சரியாகத்தான் செய்தான். பிறகு மணி அடித்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா காலத்து ஸ்பேனர் சத்தம் போடாது.

அக்டோபர் 3, வெள்ளி

மாமா குடும்பத்தோடு மருதமலைக்குப் போனார், எஞ்சின் பேரில் அர்ச்சனை செய்ய.

காலை பத்தரைக்கு எஞ்சின் ரூமுக்குள் போனேன். ஆறுச்சாமி பார்த்தான். வாசலில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான், ரோட்டைப் பார்த்தபடி. அவனை நான் மன்னிக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

வால்வ் கவரைக் கழற்றினேன். பத்தாம் நட். கழற்றினேன். ஸ்டட்டின் தலையில் ஆலன் சாவியை விட்டுத் திருகி மேலே எடுத்தேன். அளந்தேன். நீண்டிருந்தது. புதுசில் ஆயில் தடவிக் கையால் இறக்கி, நட்டைப் போட்டு, அளவுக்கு ஒரே இழுப்பாக இழுத்தேன். டொக். மஞ்சள் கோட்டை அழித்து மறுபடி போட்டேன். மேலே இருந்த சந்தனப் பொட்டு உதிர்ந்திருந்தது. மேஜையில் நேற்றைய கிண்ணம் இருந்தது. விரலால் தொட்டு, நட்டுக்குப் பொட்டு வைத்தேன்.

அந்தப் பிள்ளைக்காகச் செய்தேன். வேறு யாருக்காகவும் இல்லை. அறைக்காகவா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல முடியாது.

இப்படித்தானே அவரும் நின்றிருப்பார், இந்த இடத்தில், இந்தக் கிண்ணத்தோடு.

அக்டோபர் 12, ஞாயிறு

ஶ்ரீபெரும்புதூரில் கடைசி ரவுண்டு. அஸ்வந்த் ஜெயித்துவிட்டான். கடைசி லேப் வரைக்கும் டெம்பரேச்சர் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கார் நிற்கும் பிட்டில் நான் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தேன், கவிநயாவோடு. "அம்மா, உங்க எஞ்சின்" என்று கத்தினாள். வாயைப் பொத்தினேன்.

அக்டோபர் 13, திங்கள்

மாமாவுக்கு ஆளுயர மாலை. அஸ்வந்தின் அப்பா அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லட்டு எல்லோருக்கும் இரண்டிரண்டு.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் கனிவு.

"உன்ற மனசு எனக்குத் தெரியும் அம்மிணி. நீ ஒதுங்கி நின்னயல்ல, அதான் தாங்குச்சு. அது உன்ற பெருந்தன்மை. வேற எவளா இருந்தாலும் நின்னிருக்க மாட்டா. பெங்களூர்ப் பையன் ஒண்ணாந் தேதி வாறான். நீ ஆபீஸப் பாத்துக்கோ, ஏசி போட்டுத் தாறேன்."

நான் ஆறுச்சாமியைப் பார்த்தேன். வாயில் லட்டு இருந்தது அவனுக்கு. மென்றுகொண்டே இருந்தான், ஒரு லட்டை அவ்வளவு நேரம் யாரும் மென்று நான் பார்த்ததில்லை.

இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நட்டைக் கழற்றிப் புது ஸ்டட்டைக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால், சூடம் காட்டி மூடிய எஞ்சினை ராசி இல்லாதவள் திறந்தாள் என்பது ஒன்றுதான் மிஞ்சும். சரிங்க மாமா என்றேன். வாயை அடக்கினேன். யாராவது சிவராசுவின் படத்திடம் போய்ச் சொல்லுங்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கவிநயாவுக்கு இலைப்பச்சைச் சுடிதார். எனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அக்கா ஒரு சேலை கொடுத்தனுப்பினார், சாம்பல் நிறம்.

நவம்பர் 3, திங்கள்

பெங்களூர்ப் பையன் வந்துவிட்டான். பெயர் பிரஜ்வல், மரியாதையாகப் பேசுகிறான். எஞ்சின் ரூமில் சிவராசுவின் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். டின்னை அதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆபீஸில் ஏசி நன்றாகத்தான் இருக்கிறது. கால் மட்டும் ஜில்லிட்டுப் போகிறது.

நவம்பர் 12, புதன்

அடுத்த எஞ்சின் வந்திருக்கிறது, பொள்ளாச்சிக்காரர் ஒருவருடைய கார். கார்த்திகையில் மூட நாள் பார்த்துவிட்டார்கள். வெற்றிக்குப் பிறகு மாமாவின் ஸ்பேனருக்கு வெள்ளிப் பூண் போட்டிருக்கிறது, பைப்பும் முன்பைவிட நீளமாக.

பிரஜ்வல் சாமான்களுக்கு ஆர்டர் சொல்ல ஆபீஸுக்கு வந்தான். நான் டைப் செய்தேன். கேஸ்கட் ஒன்று. ஸ்டட் பத்து.

"பத்து போதுங்களா?" என்றேன். "ஒண்ணு சேர்த்திப் போடட்டுங்களா?"

"எக்ஸ்ட்ரா எதுக்கு மேடம்?" சிரித்தான். "எஞ்சினுக்குப் பத்துதானே."

வாசலில் ஆறுச்சாமி நின்றிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என் விரலைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பொள்ளாச்சிக் காரை ஓட்டப்போவது அவருடைய மகளாம், பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். மத்தியானம் ஆபீஸுக்கு வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

பத்து என்று அடித்து அனுப்பிவிட்டேன்.